ஐந்தாவது குத்து வரை நான் வாய் திறக்கவில்லை

போன வாரம் சிங்கப்பூரில் எங்கள் பிளாக்கில் இருக்கும் ஒரு பெண் லிஃப்டில் நின்று அழுதாள். எட்டு மாதக் குழந்தைக்கு டிரிப் ஏற்ற ஆறு இடத்தில் குத்தினார்களாம். அவளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிய பிறகு எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் நின்ற இடத்தில்தான் அவள் இப்போது நிற்கிறாள். எனக்கு நடந்ததை அப்போதே எழுதியிருந்தால் அவளுக்காவது உதவியிருக்கும் என்ற உறுத்தல்தான் இதை எழுத வைக்கிறது.

சின்னவளுக்கு அப்போது 19 மாதம். 29 வாரத்திலேயே பிறந்தவள். பிறந்ததும் ஏழு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அங்கே அவள் கையிலும் காலிலும் ஊசி ஏறாத இடம் கிடையாது. அதெல்லாம் முடிந்து போன கதை, இப்போது கொழுகொழுவென்று நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நான் அதை மறந்தே போயிருந்தேன். மறந்திருக்கக் கூடாது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கணவர் கப்பல் பட்டறை வேலையாகக் கொரியா போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வியாழன் ராத்திரி சின்னவளுக்கு வாந்தி ஆரம்பித்தது. வெள்ளி காலையில் பேதியும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் 58 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி மருந்தும் உப்புக் கரைசல் பொட்டலமும் வாங்கி வந்தேன். கரண்டியில் கொடுத்தால் துப்பினாள், பாட்டிலில் கொடுத்தால் குடித்த வேகத்தில் வாந்தி எடுத்தாள். ராத்திரி ஒன்பது மணிக்கு டயப்பரை மாற்றலாம் என்று பிரித்தால் மதியம் கட்டியது அப்படியே காய்ந்து கிடக்கிறது. அழுகிறாள், கண்ணில் நீர் இல்லை. பெரியவனைப் பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி மக்சிக்கிடம் விட்டுவிட்டு இவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இங்கேதான் என் முதல் தவறு. பக்கத்தில் இருக்கிறது, கூட்டம் குறைவாக இருக்கும் என்று ஒரு தனியார் மருத்துவமனையின் 24 மணி நேரப் பிரிவுக்குப் போனேன். அங்கே ராத்திரியில் பெரியவர்களைப் பார்க்கும் டாக்டர்தான் இருந்தார். சிங்கப்பூரில் கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கென்றே அவசரப் பிரிவு ராத்திரி பகலாக நடக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் நாள் முழுக்கக் குழந்தைகளின் கையையே பார்த்துப் பழகியவர்கள் அங்கே இருப்பார்கள். ஆறு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை, கூப்பிட்டால் மந்தமாக இருக்கிறாள் என்றால் கூட்டத்தைக் கணக்குப் போடாமல் நேராக அங்கே போய்விடுங்கள். பச்சை நிறத்தில் வாந்தி, மூச்சுத் திணறல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் என்றால் டாக்ஸி தேட வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995.

டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் நீர் வற்றிவிட்டது, டிரிப் போட வேண்டும் என்றார். இங்கே எல்லாரும் பிளக் என்று சொல்கிறார்களே, அந்தச் சின்னக் குழாயைக் கையில் பொருத்த ஆரம்பித்தார்கள். முதலில் இடது புறங்கை. ஊசி உள்ளே போனது, ஒரு சொட்டு ரத்தமும் தெரிந்தது, உடனே அந்த இடம் நீலமாகப் புடைத்துவிட்டது. நரம்பு, அதாவது ஊசி ஏற்றும் ரத்தக் குழாய், வெடித்துவிட்டது என்றார்கள். அடுத்து வலது கை. அங்கே ஊசியை உள்ளே வைத்துக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவினார்கள். மூன்றாவது இடது பாதம். அப்புறம் தோல் மேல் வெளிச்சம் அடித்து நரம்பைக் காட்டும் ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். இவள் கையில் அது காட்டிய கோடுகள் மங்கலாக, அறுந்து அறுந்து தெரிந்தன. அதைப் பார்த்து முழங்கை மடிப்பில் ஒன்று, அதுவும் போச்சு. வேறொரு டாக்டர் வந்து மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஐந்தாவதைக் குத்தி ஒருவழியாக ஏற்றினார்.

இந்த ஐந்து தடவையும் அவளுடைய இரண்டு முழங்காலையும் கட்டிலோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். மல்லாக்கப் படுக்க வைத்து ஒரு நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டார். நான்காவது குத்தில் அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. டாக்டர் பார்த்துக்கொள்வார், நாம் நடுவில் பேசினால் கோபித்துக்கொள்வாரோ, கைநடுக்கம் வந்துவிடுமோ என்றெல்லாம் பயம். பெரிய படிப்புப் படித்தவர் முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பதே மரியாதை என்று வளர்ந்துவிட்டோம். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, இரண்டாவது டாக்டருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் முயற்சி செய்யாமல் வேறொருவரிடம் விடுவது நல்ல நடைமுறை என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் மூன்றாவது குத்துக்கு முன்னால் கேட்டிருப்பேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கையைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. கட்டுக்கு மேலே முழங்கை வரை பன் மாதிரி உப்பியிருந்தது. குழாய் நரம்பை விட்டு நழுவி, டிரிப் தண்ணீர் முழுக்கத் தோலுக்கடியில் இறங்கியிருக்கிறது. மணியை அடித்துக் கூப்பிட்டேன், ஓடிவந்து நிறுத்தினார்கள். வார்டில் சேர்த்தால் காலையில் குழந்தை மருத்துவர் வருவார், 3,000 வெள்ளி முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். நான் வேறு இடத்துக்குப் போகிறேன் என்று சொல்லி, 436 வெள்ளி கட்டிவிட்டு வெளியே வந்தேன். மணி ஒன்றேகால். டாக்ஸியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். ஓட்டுநர், வயதான சீனர், ஒன்றும் கேட்காமல் ஏசியைக் குறைத்துவிட்டார்.

இரண்டாவது இடத்தில் முதலில் பார்த்தது நம் ஊர்ப் பெண், தமிழ் நர்ஸ். கட்டுப் போட்ட கைகாலையெல்லாம் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, குறைமாசக் குழந்தையா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரிந்தது என்றேன். “இவ்வளவு இடத்துல தவறியிருக்குன்னா அதைத்தான் முதல்ல கேப்போம் அக்கா. அவங்ககிட்ட சொல்லலையா?” சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அவர் சொன்ன கணக்கை அப்படியே தருகிறேன், ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. ஊசி ஏற்றுவது எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. டீவா என்று சொல்கிறார்கள். கையில் பட்டை கட்டிய பிறகும் நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் 2. தொட்டால் தட்டுப்படவில்லை என்றால் 2. ஒரு வயதுக்குக் கீழே என்றால் 3, ஒரு வயது முடிந்து மூன்று வயது ஆகவில்லை என்றால் 1. குறைமாதத்தில் பிறந்திருந்தால் 3. கூட்டினால் நான்கு அல்லது அதற்கு மேல் வந்தால் முதல் குத்து தவறிப்போக பாதிக்கும் மேல் வாய்ப்பு உண்டு. என் மகளுக்கு மொத்தம் 8. அவளைத் தொடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்தபோதே நிறைய நரம்புகளில் ஊசி ஏறியிருக்கும், அந்த இடங்கள் தழும்பேறிச் சுருங்கிவிடுகின்றன. அதோடு குழந்தைக் கொழுப்பு வேறு மேலே மூடியிருக்கிறது. நீர் வற்றினால் இருக்கிற நரம்பும் தட்டையாகிவிடுகிறது. எனக்கு மறந்துபோன ஏழு வாரம் அவள் கைக்கு மறக்கவில்லை.

அங்கே உடனே குத்தவில்லை. நினைவோடு இருக்கிறாள், ரத்த ஓட்டம் மோசமில்லை, ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். மரத்துப்போகும் எம்லா க்ரீமை இரண்டு இடத்தில் தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டினார்கள். அது வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வாந்திக்கு மருந்து கொடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து ஐந்து மில்லியாக உப்புக் கரைசலை வாயோரத்தில் விடச் சொன்னார்கள். வீட்டில் நான் செய்த தவறு அப்போதுதான் புரிந்தது. பாட்டிலோடு கொடுத்தால் வயிறு ஒரேயடியாகத் தள்ளிவிடும், கடிகாரம் பார்த்து இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பல குழந்தைகளுக்கு இதிலேயே டிரிப் தேவைப்படாமல் போய்விடுமாம். டிரிப் கண்டிப்பாக வேண்டுமா, வாய் வழியாகவோ மூக்கு வழிக் குழாயிலோ கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை. இவள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள், அதனால் டிரிப்தான் என்று முடிவானது.

அப்புறம் ஒரு டாக்டர் அல்ட்ராசவுண்ட் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். கர்ப்பத்தில் வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதேதான், இதற்குப் பிடிக்கும் கருவி சின்னதாக இருந்தது. இந்தத் தடவை படுக்க வைக்கவில்லை. என் மடியில் என்னைப் பார்த்து உட்கார வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் தலையணை மேல் நீட்டிப் பிடித்தார்கள். அவள் முகம் என் கழுத்தில் புதைந்திருந்தது. எனக்குத் திரை தெரிந்தது. சாம்பல் நிறத்தில் மழை பெய்கிற மாதிரி புள்ளிகள், நடுவே மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். டாக்டர் கருவியை லேசாக அழுத்தினார், வட்டம் தட்டையாகி மறைந்தது. விட்டதும் திரும்ப உருண்டது. இப்படி அமுங்கினால் அது நரம்பு, அமுங்காமல் துடித்தால் தமனி, அதைத் தொடக் கூடாது என்று எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டு செய்தார். முழங்கைக்குக் கீழே, தோலுக்கு அரை சென்டிமீட்டர் அடியில் இருந்தது அது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே வெறும் சதைதான்.

ஊசி போனதும் அதன் முனை திரையில் வெள்ளையாக ஒரு பொட்டு. கருவியை நூலளவு நகர்த்துவார், பொட்டு மறையும். ஊசியை நூலளவு தள்ளுவார், பொட்டு வரும். இப்படியே மாற்றி மாற்றிப் போய் அந்த வெள்ளைப் பொட்டு கறுப்பு வட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. அதோடு விடாமல், வட்டத்துக்குள்ளேயே இன்னும் கொஞ்ச தூரம் அதைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் குழாயை உள்ளே நகர்த்தினார். ஒரே குத்து. சின்னவள் ஒரு தடவை முனகினாள், அவ்வளவுதான். அந்தக் குழாய் மூன்று நாளும், வீட்டுக்கு அனுப்பும் வரை, அசையாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது. நரம்பு கிடைப்பது கஷ்டம் என்று முன்பே கணித்த 167 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கம்போலவும் மறு பாதிக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தும் போட்டிருக்கிறார்கள். முதல் குத்திலேயே ஏறியது வழக்கமான முறையில் 46 சதவீதம் பேருக்கு, அல்ட்ராசவுண்டில் 85 சதவீதம் பேருக்கு. குழாய் அதிக நாள் தாங்கியதும் அல்ட்ராசவுண்டில்தான். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஆனால் இதை மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சி பெற்ற கை வேண்டும். மெஷின் இருக்கும், அந்த ராத்திரியில் அதைக் குழந்தைக்குப் பயன்படுத்தத் தெரிந்தவர் இல்லாமல் இருக்கலாம். தயார் செய்யச் சில நிமிஷம் கூடுதலாகும், குழந்தை கை அசையாமல் இருக்க வேண்டும், இதிலும் தவறலாம். புறங்கையில் நரம்பு பளிச்சென்று தெரிகிற குழந்தைக்கு இது தேவையே இல்லை. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எலும்புக்குள் ஊசி ஏற்றிக்கூட மருந்து கொடுப்பார்கள், அப்போது மெஷினுக்காக வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். இன்னொன்று, அந்த டாக்டர் அழுத்திச் சொன்னது: ஆழத்தில் இருக்கும் நரம்பில் போடும்போது நீளமான குழாயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தை கையை மடக்கும்போது உருவிக்கொண்டு வந்துவிடும். ஆழத்தில் நழுவினால் வீக்கம் உடனே வெளியே தெரியாது. அதனால் கட்டை மட்டும் பார்க்காமல் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட இறுக்கமாக, சில்லென்று, வெளிறிப் போய் இருந்தால் மணியை அடியுங்கள். வார்டில் நர்ஸ்கள் மணிக்கொரு தடவை பார்த்தார்கள், நான் நடுவில் பார்த்தேன். சட்டைக் கை, போர்வை எதையும் அந்த இடத்தின் மேல் மூட விடவில்லை.

கேட்பது எப்படி என்று தெரியாமல்தான் நான் நின்றேன், அதனால் கேட்க வேண்டிய வார்த்தையையே எழுதுகிறேன். “டாக்டர், இவள் 29 வாரத்தில் பிறந்தவள், போன தடவை ஐந்து முறை குத்த வேண்டியதாயிற்று. நேரம் இருந்தால் மரத்துப்போகும் க்ரீம் போட முடியுமா? அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடத் தெரிந்தவர் இப்போது இருக்கிறாரா?” பட்டை கட்டுவதற்கு முன்னால், சாதாரணக் குரலில் கேட்டால் போதும். முதல் குத்துக்கு முன்னால் கேட்டால் அது தகவல். நான்காவது குத்துக்குப் பிறகு கேட்டால் சண்டை மாதிரி ஆகிவிடும், நல்ல நரம்புகளும் அதற்குள் வீணாகியிருக்கும். ஆமாம், தவறிப்போன ஒவ்வொரு குத்தும் அடுத்தவருக்கு ஓர் இடத்தைக் குறைக்கிறது. இரண்டாவது இடத்து டாக்டர் எந்த நரம்பு மிச்சம் இருக்கிறது என்று தேடவே பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக் 58, தனியார் மருத்துவமனை 436, ராத்திரி டாக்ஸி இரண்டு தடவை 49, ஆக 543 வெள்ளி கைக்காசு. தனியார் இடத்தில் வார்டில் சேர்க்கவில்லை என்பதால் மெடிசேவை, அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மருத்துவச் சேமிப்பை, தொட முடியவில்லை. இரண்டாவது இடத்தில் பி2 வார்டில் மூன்று இரவு, மானியம் போக வந்த பில்லை என் மெடிசேவிலிருந்து கட்டினேன். சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் வருஷத்துக்கு ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. என்னுடையது செப்டம்பரிலேயே தீர்ந்திருந்தது, நான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு. இதையெல்லாம் சம்பாதித்துக்கொள்ளலாம். அவள் அதற்கப்புறம் மூன்று மாதம் வெள்ளைக் கையுறையைப் பார்த்தாலே அலறினாள். காப்பிக் கடையில் பலகாரம் எடுத்துக் கொடுக்கும் அக்கா கையுறை போட்டிருந்ததற்கே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். அந்தக் கணக்கை எதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தத் தமிழ் நர்ஸ் தங்கச்சி ஒரு நல்ல காரியம் செய்யச் சொன்னார். எந்தக் கையில், எந்த இடத்தில், எந்த அளவுக் குழாய், எப்படிப் போட்டது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அதை ஒட்டியிருக்கிறேன். 29 வாரம், நரம்பு கிடைப்பது கஷ்டம், வலது முன்கையில் அல்ட்ராசவுண்ட் பார்த்து முதல் தடவையிலேயே ஏறியது, குழாய் 22 எண், நீல நிறம், தேதி. அதைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். பாலர் பள்ளி ஆசிரியருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு மலாயில் எழுதி, அவர் குளிர்பெட்டிக் கதவில் நானே ஒட்டிவிட்டு வந்தேன். போன வாரம் லிஃப்டில் அழுத பெண்ணுக்கும் நேற்று ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.